மலை அங்கனயேதான் இருக்கு

பாச்சலூரில் நண்பரின் காப்பித் தோட்டத்துக்கு இரவு யானை வந்துபோயிருந்தது. காலையில் போய்ப் பார்த்தோம். இரண்டு மலைவாழை சாய்ந்து கிடந்தன. குருத்தை மட்டும் உருவித் தின்றுவிட்டு மட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஓடைக்கரைச் சேற்றில் முன்கால் தடம் ஒன்று விளிம்பு கலையாமல் பதிந்திருந்தது. சொளகைக் கவிழ்த்து அமுக்கி எடுத்தது போன்ற வட்டம். உள்ளங்கால் வெடிப்புகள்கூட வரிவரியாக அப்படியே இருந்தன. அதில் ஊறியிருந்த தண்ணீரில் சில்வர் ஓக் இலை ஒன்று மிதந்தது.

நண்பரின் மகள் ஆறாவது படிக்கிறாள். வீட்டுக்கு ஓடிப்போய், காப்பி மூட்டை கட்டும் சணலையும் அவள் அம்மாவின் தையல் டேப்பையும் கொண்டுவந்தாள். முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிடைத்துவிடும். யானையோடு பழகியவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு இது. அவளுக்கு வாட்சர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தாராம். சணலைத் தடத்தின் ஓரமாக வளைத்து வைத்து, விரலால் பிடித்து எடுத்து, டேப்பில் நீட்டினாள். 49 அங்குலம்.

"எட்டடி ரெண்டு அங்குலம் மாமா."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அங்கே யானை இல்லை. மிளகுக்கொடி ஏறிய மரமும் அதற்கு மேலே பனியும்தான் இருந்தன. ஆனால் எட்டடி ரெண்டு அங்குலத்தில் அவள் கண் சரியாக நின்றது.

நான் அன்று மலையேறியதே அவளுக்கு ஒரு புத்தகம் கொடுக்கத்தான். புராணம் மாதிரியும் இருக்கவேண்டும், மாயாஜாலமும் வேண்டும், பிள்ளை கீழே வைக்காமல் படிக்கவேண்டும், தமிழில் அப்படி ஒரு நாவல் சொல்லுங்கள் என்று நண்பர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் கேள்வியின் கனம் தெரிந்தது. எந்தப் புத்தகம் என்பதற்கு முன்னால், எந்த மண்ணில் நிற்கும் பிள்ளைக்கு என்று பார்க்கவேண்டியிருந்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக ஏறினால் பாச்சலூர். கொடைக்கானல் ஒன்றியத்துக் கிராமம்தான் என்றாலும், ஏரியும் படகும் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. இது கீழ்ப்பழனி மலை. காப்பி, மிளகு, பலா, வாழை, சௌசௌ என்று நிழலுக்குள் நிழலாக வளரும் பூமி. இந்த மலைகளில் புராணம் கோயிலுக்குள் அடைந்து கிடக்கவில்லை, ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. இதே மலைத்தொடரின் தாண்டிக்குடிக்குப் போய்க் கேட்டால், முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், 'தாண்டிக் குதி' என்பதுதான் தாண்டிக்குடி ஆயிற்று என்பார்கள். பெயராய்வாளர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஏற்காவிட்டால் என்ன, ஒரு தெய்வம் எங்கே கால் ஊன்றியது என்று ஊரே சுட்டிக்காட்டுகிறதே!

அடிவாரத்தில் பழனி. அகத்தியர் சொன்னதற்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் காவடிபோல் தூக்கிவந்த இடும்பன், இளைப்பாற இறக்கி வைத்த இடம். திரும்பத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே கோவணம் கட்டிய ஒரு சிறுவன் நின்றுகொண்டு இது என்னுடைய மலை என்கிறான். சண்டை நடக்கிறது, இடும்பன் விழுகிறான், உயிர்த்தெழுகிறான், வாசலில் காவலாக நிற்கிறான். அன்றைக்கு அவன் சுமந்ததுதான் இன்றைக்கு லட்சம் பேர் தோளில் காவடியாக ஏறி இறங்குகிறது. நவபாஷாணத்தால் முருகனைச் செய்ததாகச் சொல்லப்படும் போகரும் இந்த மலைக்காரர்தான். மேலே பூம்பாறையில் இருக்கும் குழந்தை வேலப்பரையும் அவர்தான் செய்தார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை.

இடும்பன் கதையை நண்பரின் அம்மா சொல்லும்போது நானும் உடனிருந்திருக்கிறேன். பேத்தி கேட்டாள்: "ஏன் அப்பத்தா, இதெல்லாம் நெசமா நடந்துச்சா?"

அப்பத்தா முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"நடக்கலன்னா மலை எப்படி வந்துச்சாம்? போய்ப் பாரு தாயி. மலை அங்கனயேதான இருக்கு."

நான் சிரித்தேன். பிறகு நாள்கணக்கில் இந்தப் பதிலையே யோசித்துக்கொண்டிருந்தேன். கதை மெய்யா பொய்யா என்று கேட்ட குழந்தையிடம் அவர் எதையும் நிரூபிக்க முயலவில்லை. கையைப் பிடித்து மலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இனி மலையாச்சு, நீயாச்சு. தொன்மக்கதையின் வேலை அதோடு முடிகிறது என்று நினைக்கிறேன். மலையைப் பார்க்கிற பார்வை மட்டும் பிறகு பழையபடி இருக்காது.

இந்தப் பக்கத்துக் கல்திட்டைகளும் அப்படித்தான். மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்ட ஈமச்சின்னங்கள். செண்பகனூர் ஏசுசபைப் பாதிரிமார் ஆங்கிலேடும் நியூட்டனும் இவற்றைக் காடுமேடெல்லாம் நடந்து பார்த்து எழுதிய நூலை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடியில் 2000-க்குப் பிறகு கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. சூதுபவள மணிகள் கிடைத்தன. மலைக்கும் சமவெளிக்கும் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. ஆனால் தொல்லியல் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் கல்வீடுகளுக்கு மக்கள் குடிவைத்துவிட்டார்கள். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று தமிழ்நாட்டில் ஊருக்கொரு பெயர். இவ்வளவு சிறிய வாசலுக்குள் யார் நுழைந்திருப்பார்கள், இவ்வளவு பெரிய கல்லை யார் தூக்கியிருப்பார்கள் என்ற இரண்டு கேள்வியிலிருந்து குள்ளர்களும் ராட்சதர்களும் பிறந்துவிட்டார்கள். தடம் முதலில், கதை பிறகு. சணலால் அளந்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் அதே வேலைதான்.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்கு நாம் வழக்கமாக என்ன கொடுக்கிறோம்? வழவழத்தாளில் அச்சிட்ட ராமாயணச் சுருக்கம், மகாபாரதச் சுருக்கம். ஒவ்வொரு கதை முடிவிலும் கட்டம் கட்டி 'நீதி'. கர்ணன் கதைக்கும் நீதி ஒரு வரி, ஏகலைவன் கதைக்கும் நீதி ஒரு வரி. கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தவனைப் பற்றிப் படித்த பிள்ளையின் நெஞ்சில் என்ன பாரம் இறங்குமோ அதை இறங்கவிடாமல், 'குருபக்தி வேண்டும்' என்று தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிற வேலை இது. பிள்ளைகள் சாமர்த்தியசாலிகள். கட்டத்துக்குள் இருப்பதைத் தாண்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நம் மரபு இப்படி இருந்ததே இல்லை. அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பித்த பத்திரிகை. உருவிய வாளோடு விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் பிணம், சுற்றிலும் இருட்டு. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை தலைமுறை போர்வைக்குள் பதுங்கியிருக்கும்! அந்தக் கதைகளின் கட்டுமானம் என்ன? வேதாளம் ஒரு கதை சொல்லும். கதை நீதியில் முடியாது, கேள்வியில் முடியும். யார் செய்தது சரி? யாருக்கு உரிமை? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் ஆபத்து. சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் பதினோராம் நூற்றாண்டிலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட வேதாளம், கேள்வி கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. நீதிக்கட்டம் பள்ளிக்கூடம் போட்டது. வேதாளத்தின் கேள்விதான் நம் சொந்தச் சொத்து.

நகரத்துப் பிள்ளைகள் தொன்மத்தை வேறு வழியில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். என் அக்கா பேரன் பெர்சி ஜாக்ஸன் வரிசை முழுவதையும் படித்துவிட்டு, கிரேக்க தெய்வங்களின் குடும்பச் சண்டையை எனக்கு விளக்குவான். ரிக் ரியோர்டன் அதை எழுதிய கதை எனக்குப் பிடிக்கும். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்ஸியாவும் ஓரிடத்தில் உட்காரவிடாத கவனச்சிதறலும் உள்ள தன் மகனுக்கு, ராத்திரி தூங்கப்போகும்போது கிரேக்கக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதைகள் தீர்ந்துபோயின. அதே குறைகளோடு ஒரு பையனைப் படைத்து, உன் மூளை பழைய கிரேக்க மொழிக்காகச் செய்யப்பட்டது, அதனால்தான் ஆங்கிலம் ஆடுகிறது, உன் துறுதுறுப்பு போர்க்களத்துக்கானது என்று சொன்னார். முதல் நாவல் 2005-இல் வந்தது. ஒரு குழந்தையின் அவமானத்தை எடுத்து அதன் கையில் வாளாகக் கொடுத்த காரியம் அது. இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வெற்றிக்குப் பிறகு, பிற நாட்டுத் தொன்மங்களுக்கு அந்தந்த மரபில் வந்தவர்களே எழுதட்டும் என்று ரியோர்டன் பெயரில் ஒரு நூல்வரிசை தொடங்கியது. அதன் முதல் புத்தகமே நம் மகாபாரதம்தான். 2018-இல் ரோஷனி சோக்ஷி எழுதிய 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. அட்லாண்டாவில் அருங்காட்சியகத்தோடு ஒட்டிய வீட்டில் வளரும் பன்னிரண்டு வயதுப் பெண், பள்ளித் தோழர்களிடம் வீம்புக்காக ஏற்றக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். காலம் உறைகிறது. அவள் பாண்டவர்களில் ஒருவரின் மறுபிறப்பு என்று தெரியவருகிறது. ஸ்பைடர்மேன் படம் போட்ட இரவு உடையோடேயே உலகைக் காக்கப் புறப்படுகிறாள். வழிகாட்டியாக ஒரு புறா. அந்தப் புறா முற்பிறப்பில் யாரென்று தெரியும்போது, மகாபாரதம் படித்தவர்களுக்கு ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது. வேகமான, குறும்பான புத்தகம். பாண்டவரைப் பெண்களாக்கிய ஒரு காரியத்துக்காகவே கொண்டாடலாம்.

ஆனாலும் இதைப் பாச்சலூருக்கு எடுத்துப்போகக் கை தயங்கியது. ஆங்கிலம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இந்தக் கதைகளில் தொன்மம் பெரும்பாலும் ஆயுதக்கிடங்காகிவிடுகிறது. எந்த தெய்வத்திடம் எந்தச் சக்தி, எந்த வரம், எந்த அஸ்திரம் என்ற பட்டியலாகப் பிள்ளையின் மனதில் தங்குகிறது. நீ சாதாரணமானவள் இல்லை, தெய்வ வம்சம், அதனால் கதை உன்னுடையது என்கிறது. ஓடைக்கரையில் சணலோடு குந்தியிருக்கிற பெண் எந்த தெய்வத்தின் மறுபிறப்பும் இல்லை. அவளிடம் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. அது போதும் என்று சொல்கிற கதை எனக்கு வேண்டியிருந்தது.

தமிழில் தேடினேன். வாண்டுமாமா இல்லாமல் நம் மாயாஜாலக் கணக்கு தொடங்காது. அவருடைய மந்திரவாதிகளுக்கும் அரக்கர்களுக்கும் என் பால்யம் கடன்பட்டது. எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்' உலகத்தின் பல பழங்குடிகள் சூரியனுக்கும் விலங்குக்கும் இரவுக்கும் சொல்லிவைத்த தோற்றக்கதைகளைத் திரட்டித் தருகிறது. பளியர் பழங்குடியினர் வாழும் இந்த மலையில் வாசிக்க அதைவிடப் பொருத்தமான தொகுப்பு இல்லை. ஆனால் அது கதைத்தொகுப்பு, நாவல் அல்ல. 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடி மண்ணைக் கிளறி அதிலிருந்து ஒரு மாயத்தை எடுக்கிறது. தொல்லியலைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக்கிய அழகான புத்தகம். அதை இரண்டாவதாகக் கொடுப்பது என்று எடுத்துவைத்துக்கொண்டேன்.

முதலாவதாகக் கையில் ஏறியது ஜெயமோகனின் 'பனிமனிதன்'.

தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்து பிறகு நூலானது. லடாக்கின் பனிப்பரப்பில் மனிதக்காலைவிடப் பலமடங்கு பெரிய ஒரு காலடித்தடத்தில் கதை பிடிக்கிறது. ராணுவ அதிகாரி பாண்டியன், டாக்டர் திவாகர், மலைச்சிறுவன் கிம் ஆகிய மூவரும் அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போகிறார்கள். யதி என்று இமயமலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பனிமனிதன். போகும் வழியெல்லாம் பரிணாமம் பற்றியும், பூமியின் வயது பற்றியும், பௌத்தம் பற்றியும் பேச்சு நடக்கிறது. ஒரு பக்கம் டார்வின், இன்னொரு பக்கம் புத்தர். நடுவில் பனியில் கால் புதையப் புதைய ஒரு சிறுவன்.

இந்த நாவலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, இதில் தொன்மமும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று விழுங்குவதில்லை. வழக்கமான சிறுவர் கதையில் கடைசி அத்தியாயத்தில் பூதம் வேஷம் கலைந்து கடத்தல்காரனாக நிற்கும். அல்லது விஞ்ஞானி மண்டியிட்டு மந்திரத்துக்குக் கைகூப்புவார். இரண்டுமே குழந்தையை ஏமாற்றுகிற வேலை. இங்கே டாக்டர் கேட்கும் கேள்விக்கு உள்ள மரியாதை கிம்மின் நம்பிக்கைக்கும் இருக்கிறது. தடத்தை அளக்கவும் செய்கிறார்கள், அண்ணாந்து பார்க்கவும் செய்கிறார்கள்.

இரண்டாவது, பனிமனிதர்களைப் பற்றி நாவல் செய்யும் கற்பனை. அவர்களுக்குத் தனித்தனி மனம் கிடையாது, எல்லாருக்குமாக ஒரே மனம். நான், எனது என்ற எண்ணமே முளைக்காத கூட்டம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மாயம் எதைக் காட்டமுடியும்? பறக்கும் கம்பளம் உடம்பைத் தூக்கும். 'நான் என்று ஒன்று இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும்?' என்ற கேள்வி ஆளையே தூக்கிவிடும். பௌத்தம் ஈராயிரத்து ஐந்நூறு வருடமாகப் பேசிவரும் விஷயத்தை, பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டிராத பிள்ளையும் ஒரு ராட்சத உருவத்தின் கண் வழியாகத் தொட்டுவிடுகிறது. வேதாளம் இருந்தால் மெச்சியிருக்கும்.

மூன்றாவது, இது மலைக்காரப் பிள்ளையின் கதை. படித்தவர்கள் கூட வந்தாலும், மலையை அறிந்தவன் கிம். பனி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே உள்வாங்கும் என்ற அறிவு புத்தகத்தில் இல்லை, அவன் காலில் இருக்கிறது. மலையிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்று காதுபடக் கேட்டு வளர்கிற இடத்தில், மலை தெரிந்தவன் முன்னால் நடக்க மற்றவர்கள் பின்னால் வருகிற கதை மருந்துபோல வேலை செய்யும். காட்டுமாடு எந்தத் தடத்தில் இறங்கும் என்று மூக்கால் அறிகிற பிள்ளைகள் பாச்சலூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அறிவு அறிவுதான் என்று யாராவது சொல்லவேண்டாமா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேடிப்போகும் மூவரும் ஆண்கள். என் கையிலிருந்து இந்தப் புத்தகத்தை வாங்கியவளோ பெண். அவள் இதைக் கவனிக்காமல் இருக்கமாட்டாள் என்று தெரியும். தகவல் சொல்லும் இடங்களில் கதை மூச்சு வாங்குகிறது. சில பேச்சுகளில் பாத்திரங்கள் ஒதுங்கி நிற்க ஆசிரியரே நேரடியாக வகுப்பெடுக்கிறார். வாரத் தொடரில் துண்டு துண்டாக வந்தபோது அது உறுத்தியிருக்காது. ஒரே மூச்சில் படிக்கும்போது தெரிகிறது. இருந்தாலும் பிள்ளைகள் நம்மைவிடப் பொறுமைசாலிகள். தகவலை வெறுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். டைனோசரின் பல் எத்தனை என்று கேட்டு உயிரை வாங்குகிற வயது அது.

யதியின் பின்னால் உலகம் ஓடிய கதையும் நாவலுக்குச் சளைத்ததல்ல. 1951-இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தைப் படமெடுத்தார். பக்கத்தில் பனிவெட்டும் கோடரியை அளவுக்கு வைத்திருந்தார். உலகப் பத்திரிகைகள் அதை வைத்துத் திருவிழா நடத்தின. எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி 1960-இல் யதியையே தேடிப் போனார். கும்ஜுங் கிராமத்து மடத்தில் யதியின் தலைத்தோல் என்று காத்துவைத்திருந்ததை இரவல் வாங்கி, ஊர்ப்பெரியவர் ஒருவர் கூடவே வர, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆய்வுக்குக் கொண்டுபோனார்கள். செரோ என்ற மலையாட்டு இனத்தின் தோலை அச்சில் இழுத்துச் செய்தது என்று முடிவாயிற்று. தலைத்தோல் மடத்துக்கே திரும்பி வந்தது. 1961-இல் அதே கும்ஜுங்கில் ஹில்லாரி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். பனிமனிதனைத் தேடிப் போனவர் கடைசியில் கண்டுகொண்டது பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளை. இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் செயற்கை என்று நானே சொல்லியிருப்பேன்.

2017-இல் யதியின் எலும்பு, முடி, தோல் என்று சொல்லப்பட்டவற்றை மரபணுச் சோதனை செய்தார்கள். கிட்டத்தட்ட எல்லாம் கரடி, ஒன்று நாய். விஷயம் முடிந்தது என்று நினைத்தால், 2019 ஏப்ரலில் இந்திய ராணுவமே மகாலு முகாமருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள யதித் தடங்களைத் தன் மலையேற்றக் குழு கண்டதாகப் படத்தோடு அறிவித்தது. நாடே சிரித்தது. கரடியாக இருக்கும் என்று நேபாளத்தில் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. பாண்டியன் என்ற ராணுவ அதிகாரி பனியில் தடம் கண்ட கதையை எப்போதோ வாசித்திருந்ததால் மெய்சிலிர்த்தது. அந்த அறிவிப்பை எழுதியவர் சிறுவயதில் எதையோ நன்றாகப் படித்திருக்கிறார் என்று தோன்றியது.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். ஜனவரியில், காப்பிப் பழம் எடுப்பு முடிகிற நேரத்தில் மறுபடி போனேன். களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் துழாவித் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"படிச்சிட்டியா?"

"ரெண்டு தடவ." கொஞ்சம் துழாவினாள். "ஏன் மாமா, அவங்களோட ஒரு பொம்பளப்பிள்ள போகக்கூடாதா?"

"போகலாமே."

"நான் போயிருந்தா மொதல்ல அந்தத் தடத்தச் சணல வச்சு அளந்திருப்பேன்."

பிறகு கேட்டாள், நான் எதிர்பார்த்திருந்த அதே கேள்வியை. "பனிமனிதன் நெசமா மாமா?"

மரபணுச் சோதனையைச் சொன்னேன். கரடியைச் சொன்னேன். ஹில்லாரியையும் தலைத்தோலையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏதோ ரகசியம் தெரிந்தவர்கள்போல் சிரித்துக்கொண்டார்கள். எட்டடி ரெண்டு அங்குல யானையை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் அது இருக்கிறது. வாழை சாய்ந்திருக்கிறது, தடம் பதிந்திருக்கிறது, கணக்கு சரியாக வருகிறது. தடம் இருந்து ஆள் தெரியாத நிலை அவளுக்கு நம்மைவிட நன்றாகப் பழக்கம். அந்த நிலையில் அவசரப்படாமல் நிற்கத் தெரிந்தவளிடம் போய் நான் 'இல்லை' என்று முடித்துவைக்கப் பார்த்தேன். முருங்கைமரம் ஏறவேண்டிய வேதாளத்தைப் பிடித்து இறக்கிவைப்பது பெரியவர்களின் கெட்ட பழக்கம்.

அன்று சாயங்காலம் அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளுமாக ஒரு நோட்டைக் காட்டினார்கள். தலைப்பு 'தடம்'. தேதி, இடம், நீளம், அகலம், 'யாராக இருக்கலாம்' என்று ஐந்து கட்டம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். காட்டுமாடு, மிளா, பன்றி, முள்ளம்பன்றி என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். என்ன தடம் என்று நான் கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டேன்.

எனவே நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில்: பத்து வயது தாண்டிய பிள்ளைக்குப் 'பனிமனிதன்' வாங்கிக் கொடுங்கள். அதற்கடுத்து 'ஆதனின் பொம்மை'. ஆங்கிலம் ஓடுகிற பிள்ளை என்றால் ஆரு ஷாவும் படிக்கட்டும், தப்பில்லை. பெண்பிள்ளை முன்னால் நடந்து, நம் மலைகளில் ஏறி, ஒரு கல்திட்டையின் வாசலில் குனிந்து பார்க்கிற தமிழ் நாவல் ஒன்றை யாராவது எழுதுங்கள். இடும்பனும் போகரும் குள்ளர்களும் எத்தனை காலமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்! புத்தகத்தைக் கொடுத்த பிறகு 'கதையின் நீதி என்ன?' என்று மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அருகில் ஏதாவது ஒரு மலை இருந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நான் கொடுத்த பிரதி இப்போது பாச்சலூரில் ஆறாவது வீட்டில் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டதாம். சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்திருக்கிறார்கள், அதே சணலை வைத்து.